விளக்கை எடு

அந்த விளையாட்டில் படம் கிடையாது, சத்தம் கிடையாது. காட்டோரம் ஒரு கட்டடம், உள்ளே சாவிக்கொத்து, விளக்கு, சாப்பாடு, தண்ணீர் பாட்டில் என்று திரையில் நாலைந்து வரி ஓடும். அடுத்து என்ன செய்வது என்பதை ஆடுபவர்தான் தட்டச்சு செய்ய வேண்டும். விளக்கை எடு. கதவைத் திற. கீழே இறங்கு. எழுதினால் கதை நகரும், எழுதாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். வீடியோ கேம் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் பயப்படுகிற சுடுதலும் துரத்தலும் இதில் இல்லை. ஆனாலும் அந்த வம்சத்தின் மூத்தவர்களில் இது ஒன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒரு குகையிலிருந்து புறப்பட்டது, இன்று அரக்கோணத்தில் ஒரு பள்ளி மாணவியின் கைப்பேசியில் தமிழிலேயே கதை செய்து ஆடக்கூடிய இடத்துக்கு வந்து நிற்கிறது. வரும் வழியில் அது தொலைத்துவிட்ட ஒரு பொருள், தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு மிகவும் தேவையானது. அதற்காகத்தான் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் மம்மத் குகை, உலகில் இதுவரை அளக்கப்பட்ட குகைகளில் மிக நீளமானது. அதற்குள் ஊர்ந்துபோய் அளந்து வரைபடம் போட்டவர்களில் வில் க்ரௌதரும் ஒருவர். வேலைநாட்களில் அவர் போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்தில் நிரலாளர். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் கணினிகளை இணைத்த இயந்திரங்களுக்கு நிரல் எழுதியவர்களில் அவர் இருந்தார். மனைவி பாட்ரிசியாவும் குகை ஆய்வாளர். ஃபிளின்ட் ரிட்ஜ் குகைகளும் மம்மத் குகையும் உள்ளுக்குள் ஒன்றுதான் என்று 1972 செப்டம்பரில் கண்டுபிடித்த குழுவில் அந்த அம்மா இருந்தார். பிறகு இருவரும் பிரிந்தார்கள். மகள்களோடு கழிக்கும் நேரம் குறைந்துபோன தகப்பன், தான் நடந்த குகையைக் கணினிக்குள் சொற்களால் கட்டினார். கணினி தெரியாத பிள்ளைகளும் ஆட வேண்டும் என்பதற்காக, சாதாரணப் பேச்சைப் போல இரண்டு சொல்லில் கட்டளை கொடுக்கும்படி செய்தார். 1975-76இல் பிறந்த அந்த விளையாட்டின் பெயர் அட்வென்ச்சர்.

பிடிபி-10 என்ற பெரிய கணினியில் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்ட நிரல் அது. சுமார் 700 வரி நிரல், ஏறக்குறைய அதே அளவுக்குத் தரவு. அது அறிந்த சொற்கள் மொத்தம் 193. அந்த 193 சொற்களுக்குள் எதைச் சொன்னாலும் கேட்கும், வெளியே போனால் புரியவில்லை என்று சொல்லிவிடும். இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. அந்தக் கணினியின் ஒரு நினைவக அலகில் ஐந்து எழுத்துகள்தான் அடங்கும். அதனால் எந்தச் சொல்லாக இருந்தாலும் முதல் ஐந்து எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, மிச்சத்தை வெட்டிவிடும். ஆங்கிலத்துக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. தமிழாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த டான் வுட்ஸ் என்ற மாணவர் இதை ஒரு கணினியில் தற்செயலாகக் கண்டார். எழுதியவரைத் தேட அவர் பிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அர்பாநெட்டில் இருந்த ஒவ்வொரு கணினியின் முகவரிக்கும் க்ரௌதர் என்ற பெயர் போட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார், அவற்றில் ஒன்று உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. அனுமதி வாங்கிக்கொண்டு 1977இல் வுட்ஸ் அதைப் பெரிதாக்கினார். சொற்கள் 293 ஆயின. புதையல்கள், குள்ளர்கள், புதிர்கள் எல்லாம் பெருகின.

அந்தப் புதிர்களில் ஒன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். குகைக்குள் ஒரு சின்னப் பறவை இருக்கிறது, கூண்டும் கிடைக்கிறது. பறவையைப் பிடிக்கப் போனால் அது பயந்து விலகுகிறது. காரணம், ஆடுபவர் வழியில் ஒரு கோலை எடுத்து வைத்திருக்கிறார். கோலைக் கீழே போட்டால் பறவை கைக்கு வரும். பிறகு வழியை மறித்துக்கொண்டு ஒரு பெரிய பாம்பு. அதை அடிக்க வேண்டாம், பறவையை விட்டால் போதும், விரட்டிவிடும். இதில் ஆடும் பிள்ளைக்கு வேண்டியது விரல் வேகம் இல்லை. பறவை பயந்தது என்ற வாக்கியத்தைப் படித்து, எதற்குப் பயந்தது என்று யோசித்து, கையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, சரியான வினைச்சொல்லைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். நிறுத்திப் படிப்பது, காரணம் தேடுவது, வாக்கியம் அமைப்பது. மொழிப்பாடம் இந்த மூன்றையும் தவிர வேறென்ன கேட்கிறது?

அடுத்த தலைமுறை எம்ஐடியில் பிறந்தது. 1977இல் டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்ளிங் நால்வரும் சோர்க் என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார்கள். இரண்டு சொல் கட்டளை அவர்களுக்குப் போதவில்லை. எதை, எதனால், எதில் என்று முழு வாக்கியமாகவே எழுதினாலும் புரிந்துகொள்ளும்படி செய்தார்கள். வாக்கியத்தைப் பிரித்துப் பொருள் காணும் அந்தப் பகுதிதான் விளையாட்டின் மூளை. 1979இல் இன்ஃபோகாம் நிறுவனம் தொடங்கியது, வீட்டுக் கணினிகளுக்கு இவ்வகை விளையாட்டுகள் விற்பனைக்கு வந்தன. படம் காட்டும் கணினிகள் மலிந்ததும் வியாபாரம் சரிந்தது, 1989இல் இன்ஃபோகாம் மூடப்பட்டது.

பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு போனது வேறொரு வாசல் வழியாக. 1971இல் மினியாபொலிஸ் நகரில் டான் ரவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர், நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, வரலாற்று வகுப்புக்காக ஆரிகன் டிரெயில் என்ற விளையாட்டைச் செய்தார். மாட்டுவண்டியில் மேற்கே குடிபெயர்ந்த மக்களின் பயணக்கதை. தொலைத்தட்டச்சு இயந்திரத்தில் தாளில் அச்சாகும். வேட்டையாட வேண்டிய கட்டம் வந்தால் துப்பாக்கிச் சத்தத்தைக் குறிக்கும் ஒரு சொல்லைப் பிழையில்லாமல், வேகமாகத் தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்துப்பிழை விட்டால் குறி தப்பும், வண்டியில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு இல்லை. சிவப்பு மை தேவைப்படாத ஒரு சொல்வதெழுதல் அது.

இங்கிலாந்தில் 1983இல் மைக் மேட்சன் செய்த கிரானிஸ் கார்டன், பிபிசி மைக்ரோ கணினிகளில் ஓடிய குழந்தைகள் விளையாட்டு. சூனியக்காரியிடமிருந்து அரசரின் ஆறு பிள்ளைகளை மீட்க வேண்டும். அதே பிபிசி மைக்ரோ இந்தியாவுக்கும் வந்தது. பள்ளிகளில் கணினி அறிமுகத்துக்காக மத்திய அரசு 1984-85இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில், நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகளுக்கு முதலில் போன கணினி இதுதான். இயந்திரம் வந்தது, ஆனால் விசைப்பலகையும் திரையும் பேசியது ஆங்கிலம். சொல்லைக் கொண்டு ஆடும் ஒரு விளையாட்டு, பிள்ளையின் சொல் தெரியாத ஒரு பெட்டிக்குள் இருந்தால், அதனால் அந்தப் பிள்ளைக்குப் பெரிய பயன் இல்லை.

எழுத்துப் பயிற்சிக்கு விளையாட்டைக் கையாண்டவர்களில் உலகம் கவனித்த ஆசிரியர் டிம் ரைலண்ட்ஸ். இங்கிலாந்தின் சூ மேக்னா ஊர்த் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தார். அவர் எடுத்துக்கொண்டது மிஸ்ட், 1993இல் மில்லர் சகோதரர்கள் வெளியிட்ட, ஆளில்லாத தீவுகளில் அலைகிற பட விளையாட்டு. வகுப்பின் பெரிய திரையில் அதை ஓடவிடுவார், ஓர் இடத்தில் நிறுத்துவார். என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது, காற்று எப்படி இருக்கிறது, கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று கேட்பார். பிள்ளைகள் எழுதுவார்கள், வாசிப்பார்கள், பிறகுதான் கதவு திறக்கும். எழுத மறுத்த பையன்கள்கூட எழுதினார்கள் என்பதுதான் அவரைப் பற்றிப் பேசப்பட்ட செய்தி. 2005இல் இங்கிலாந்தின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான பெக்டா அவருக்கு விருது கொடுத்தது. இங்கே நான் கவனிப்பது அவர் கதவைத் திறக்காமல் வைத்திருந்த அந்த நேரத்தை. விளையாட்டு தானாக எழுதக் கற்றுக்கொடுத்துவிடவில்லை. ஆசிரியர் அதை நிறுத்தி வைத்தார், பிள்ளைக்கு ஆவல் தாங்கவில்லை, அந்த ஆவலில் சொல் பிறந்தது. இந்த இடத்தைத் தவறவிட்டுவிட்டு ஆப் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று நினைக்கும் பள்ளிகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

வியாபாரம் கைவிட்ட பிறகு எழுத்து விளையாட்டை ஆர்வலர்கள் காப்பாற்றினார்கள். 1993இல் கிரஹாம் நெல்சன் என்ற ஆங்கிலேயர் இன்ஃபார்ம் என்ற கருவியை இலவசமாக வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் இன்ஃபோகாம் தரத்தில் ஒரு விளையாட்டை எழுதலாம் என்ற நிலை வந்தது. ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன் பேசுகிறவர்கள் தங்கள் இலக்கணத்துக்கு ஏற்ப அதை மாற்றிக்கொண்டார்கள். 2009இல் கிறிஸ் கிளிமாஸ் இன்னும் எளிதான ஒன்றைக் கொடுத்தார், அதுதான் ட்வைன். இதில் ஆடுபவர் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. கதை ஒரு துண்டு, அதன் கீழே இரண்டு மூன்று வழிகள், தொட்டால் அடுத்த துண்டு. நெட்ஃபிளிக்ஸின் பேண்டர்ஸ்நாட்ச் படத்துக்குத் திரைக்கதைக் கிளைகளை ஒழுங்குபடுத்த அதை எழுதிய சார்லி புரூக்கர் பயன்படுத்தியதும் ட்வைன்தான். இந்த வகை எழுத்து எவ்வளவு பெரிதாகலாம் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு 2014இல் வந்த எயிட்டி டேஸ் இருக்கிறது. ஜூல்ஸ் வெர்னின் உலகப் பயணக் கதையை எடுத்துக்கொண்டு மெக் ஜயந்த் முதன்மையாக எழுதியது, ஐந்து லட்சம் சொற்களுக்கு மேல்.

தொட்டால் நகரும் வகை வந்ததும் எல்லோரும் கதை செய்ய முடிந்தது, அது பெரிய லாபம். தொலைந்தது, ஆடுபவர் தன் வாக்கியத்தைத் தானே அமைக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம். தமிழுக்கு வந்து சேர்ந்தது இந்தப் பிந்தைய பாதி மட்டுமே. வாக்கியத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் முந்தைய பாதிக்கு, பள்ளிகள் எடுத்து ஆளும்படியான தமிழ் வடிவம் இன்னும் நம்மிடையே புழக்கத்துக்கு வரவில்லை.

அது ஏன் கடினம், ஏன் அவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கிணற்றடிக்குப் போவோம். விளையாட்டில் ஒரு கிணறு, ஒரு வாளி, ஒரு கயிறு, ஒரு கம்பம். தண்ணீர் எடுக்க வேண்டும். கயிற்றைக் கட்டு என்று எழுதினால் ஒரு பொருள். கயிற்றால் கட்டு என்றால் வேறு. கயிற்றில் கட்டு என்றால் இன்னொன்று. கயிற்றோடு கட்டு என்றால் நாலாவது. சொல்லின் முன்பாதி நான்கிலும் ஒன்றே, பொருள் முழுக்க வாலில் இருக்கிறது. இதை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தால், முதல் ஐந்து எழுத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டும் க்ரௌதரின் கணினி எதையும் எதோடும் கட்டியிருக்கும். ஆங்கிலத்தில் சொல் நிற்கும் வரிசையும் நடுவில் வரும் உறவுச்சொல்லும் செய்கிற வேலையைத் தமிழில் வேற்றுமை உருபு செய்கிறது. அதனால் வாளியைக் கயிற்றில் கட்டு என்றாலும் கயிற்றில் வாளியைக் கட்டு என்றாலும் நமக்கு ஒன்றுதான். ஆனால் கயிற்றைக் கம்பத்தில் கட்ட மறந்துவிட்டு வாளியை இறக்கினால், வாளியோடு கயிறும் கிணற்றுக்குள் போய்விடும். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஓதிவிட்டுப் போகிற பாடம், இங்கே தண்ணீர் கிடைக்குமா கிடைக்காதா என்ற கேள்வியாகிவிடுகிறது.

இன்னொரு சிக்கல், சொல்லின் உடம்பும் மாறுகிறது. கிணறு என்ற சொல்லை மட்டும் தேடுகிற நிரல், கிணற்றில் என்பதைக் கண்டால் முழிக்கும். மரம் மரத்தில் ஆகிறது, வீடு வீட்டில் ஆகிறது, ஆறு ஆற்றில் ஆகிறது. இந்த மாற்றங்களை எல்லாம் நிரலுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிள்ளைகளும் இதே இடத்தில்தான் தடுக்குகிறார்கள், கிணறில் என்று எழுதுவார்கள். அப்போது விளையாட்டு என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. தவறு என்று சொல்லி நிறுத்தக் கூடாது. புரிந்துகொண்டு, ‘கிணற்றில் வாளியை இறக்குகிறாய், தண்ணீர் தட்டுப்படும் சத்தம் கேட்கிறது’ என்று சரியான வடிவத்தில் பதில் சொல்லிக் கதையை நகர்த்த வேண்டும். வீட்டில் தாய் குழந்தைக்குப் பேச்சுப் பழக்குவது இந்த முறையில்தான். நாலு முறை கிணற்றில் என்று படித்த பிள்ளை ஐந்தாவது முறை தானே அப்படி எழுதும்.

கட்டளைகளில் இன்னொரு வசதி இருக்கிறது. எடு, வை, திற, கட்டு, இறக்கு என்று ஏவலாக வருவதெல்லாம் வினையின் பகுதியேதான். பகுபத உறுப்பிலக்கணத்தில் முதலில் பிரித்துக் காட்டச் சொல்லும் அதே பகுதி. விளையாட்டு பதில் சொல்லும்போது எடுக்கிறாய், எடுத்தாய், எடுத்துவிட்டாய் என்று அதிலிருந்தே வளர்ந்து வரும். நீ என்று முன்னிலையில் பேசுவதால் ஆணா பெண்ணா என்ற கேள்வியும் எழாது, யார் ஆடினாலும் கதை அவர்களுடையது.

இதற்கான சாமான்கள் பல ஊர்த் தமிழர்களின் கையால் ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கின்றன. யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை தரமானது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005இல் செல்லினத்தை வெளியிட்டுக் கைப்பேசிக்குத் தமிழ் கொண்டுவந்தார். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தால் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மேல்நிலை மாணவர்கள் கைக்கு மடிக்கணினி வந்தது. 2013இல் முத்தையா அண்ணாமலை எழில் என்ற நிரல்மொழியைத் திறமூலமாக வெளியிட்டார். அதில் நிபந்தனை எழுதும் விதம் பார்க்க வேண்டியது. முதலில் நிபந்தனை, அதன் பின்னால் ஆனால், பிறகு செய்ய வேண்டியது, இல்லை என்று மாற்று வழி, கடைசியில் முடி. தமிழ் வாக்கியம் நினைக்கிற வரிசையிலேயே நிரலும் நடக்கிறது. விளக்கு கையில் இருந்தால் குகை தெரியும், இல்லை என்றால் இருட்டு. இதை எழிலில் எழுதும் மாணவர் ஒரே நேரத்தில் நிரலும் எழுதுகிறார், நிபந்தனை வாக்கியமும் எழுதுகிறார்.

தமிழையே கருப்பொருளாகக் கொண்ட விளையாட்டு ஒன்று உலக மேடையில் பரிசு வாங்கியும் விட்டது. டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட வெண்பா. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயரும் வெண்பா, பாவலன் தம்பதி, அவர்களுடைய மகன் கவின். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்துபோயிருக்கின்றன. எதற்குப் பிறகு எது என்று ஆடுபவர் ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு செய்ய வேண்டும். மகனின் முறை வரும்போது அவனுக்குத் தமிழ் தடுமாறுகிறது, குறிப்பேடும் அவனுக்கு எளிதில் வசப்படுவதில்லை. மொழி கைவிட்டுப் போவது என்றால் என்ன என்பதைக் கட்டுரை சொல்லிப் புரியவைப்பது கடினம், அரிசிமாவைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வரியைப் படிக்க முடியாமல் நிற்கும்போது புரிந்துவிடுகிறது. 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும், பாஃப்டாவின் சிறந்த முதல் விளையாட்டுக்கான விருதும் அதற்குக் கிடைத்தன.

கவினின் தடுமாற்றத்தைப் பார்க்கக் கனடாவுக்குப் போக வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் நிறைந்த வேலூர் வட்டாரத்தில் வீட்டில் உருது பேசிவிட்டு வகுப்பில் தமிழ் எழுதுகிற பிள்ளைகள் ஏராளம். சோளிங்கர், திருத்தணிப் பக்கம் வீட்டில் தெலுங்கு. ரயில்வே வேலைக்கும் கடற்படை விமானத்தளத்துக்கும் வெளிமாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் அரக்கோணத்தில் உண்டு. இவர்களுக்குத் தமிழ் தெருவில் பேசக் கைவரும், எழுதும்போது உருபும் ஒற்றும் காலை வாரும்.

அரக்கோணத்தில் இருந்தே ஒரு கதை கட்டிக் காட்டுகிறேன். கருவி ட்வைன். இலவசம், கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு கோப்பு. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், இணையம் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். முதல் துண்டு ஜங்ஷன் நடைமேடை. 1856 ஜூலை 1 முதல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த வழியாகத்தான் போனது. இன்று இங்கிருந்து சென்னைக்கும் காட்பாடிக்கும் ரேணிகுண்டாவுக்கும் செங்கல்பட்டுக்கும் தடங்கள் பிரிகின்றன. நாலு தடம், நாலு வழி. இரட்டைச் சதுர அடைப்புக்குள் [[காட்பாடி வண்டியில் ஏறு]] என்று எழுதினால், ட்வைன் அந்தப் பெயரில் காலியாக ஒரு புதுத் துண்டைத் தானே உண்டாக்கி வைக்கும். அந்தக் காலிப் பெட்டி எழுதுகிறவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கட்டுரை நோட்டில் வெற்றுப் பக்கம் மிரட்டும், இங்கே தலைப்போடு ஒரு சின்ன இடம் கேட்கிறது, ஐந்து வரி போதும்.

காட்பாடி வண்டியில் ஏறினால் சித்தேரிக்கு அடுத்து மகேந்திரவாடி. அங்கே தனியாக நிற்கும் ஒரே பாறையைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் செய்த திருமால் கோயில் இருக்கிறது. மகேந்திர தடாகம் என்ற ஏரிக்கரையில் மகேந்திர விஷ்ணுகிருகத்தைச் செய்தவன் குணபரன் என்று கிரந்த எழுத்தில் அங்கே கல்வெட்டு, குணபரன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். மத்தவிலாசப் பிரகசனம் என்ற அங்கத நாடகம் எழுதிய அரசன் அவன், எழுத்துப் பயிற்சிக்கு ஏற்ற துணை. துண்டின் தலைப்பு குடைவரை. மாணவர் எழுத வேண்டியது, வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் உடம்பில் என்ன மாறுகிறது என்பது. இங்கே இயற்கை எழில் கொஞ்சும் என்று ஆரம்பித்தால் கதை நகராது. ஆடுபவர் அடுத்து எதைத் தொடுவார் என்று தெரிய வேண்டுமானால் தூண் எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கம், எழுத்து எந்த உயரத்தில் என்று எழுதியாக வேண்டும். மனப்பாட நடை தானாக உதிர்வதை இந்த இடத்தில் பார்க்கலாம். மகேந்திரவாடிக்குப் போ, மகேந்திரவாடியில் இறங்கு, மகேந்திரவாடியிலிருந்து நட என்று வழிகளை எழுதும்போதே மூன்று உருபுகளும் வந்து போகின்றன.

செங்கல்பட்டுத் தடத்தில் போனால் தக்கோலம். 949இல் சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் போர் நடந்த இடம். சோழ மன்னன் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே கொல்லப்பட்டான். கொன்றவன் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பக்கம் நின்ற கங்க அரசன் பூதுகன் என்பதைக் கர்நாடகத்தின் ஆதக்கூர்க் கல்வெட்டு சொல்கிறது. அதே கல்லில் இன்னொரு கதை. போரில் நன்றாகச் சண்டையிட்ட மணலேரன் என்ற வீரனிடம் வேண்டியதைக் கேள் என்றார்கள். அவன் காளி என்ற வேட்டைநாயைக் கேட்டு வாங்கினான். பின்னொரு நாள் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, பன்றியும் நாயும் இறந்தன. அந்த நாய்க்காக நட்ட கல் அது, இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேண்டியதைக் கேள் என்ற அந்தக் கணத்தை வகுப்பில் வைத்தால் போதும். ஊரைக் கேள், பொன்னைக் கேள், நாயைக் கேள். நாயைக் கேட்டவனின் கதை கல்லில் இருக்கிறது, படித்து எழுதலாம். ஊரைக் கேட்டிருந்தால் அந்த ஊரில் யார் இருந்தார்கள், புது அதிகாரியை எப்படிப் பார்த்தார்கள், காளி யாரிடம் வளர்ந்தது என்பதை எல்லாம் மாணவர் தானே யோசிக்க வேண்டும். கற்பனைக் கட்டுரைக்கு இதைவிட நல்ல தலைப்பை நான் பார்த்ததில்லை.

செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். முதலாவது கிளைகள் பெருகுவது. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு வழி வைத்துக்கொண்டே போனால் பத்தாவது படியில் 1,024 முடிவுகள் வந்து நிற்கும், எந்த வகுப்பாலும் எழுத முடியாது. பிரிந்த வழிகளை இரண்டு மூன்று துண்டுகளுக்குள் மறுபடி ஓர் இடத்தில் சேர்த்துவிடப் பழக்க வேண்டும். பொன்னைக் கேட்டவனும் நாயைக் கேட்டவனும் அதே பாடிவீட்டுக்கு ராத்திரி திரும்பி வரட்டும். ஆனால் ஒருவன் கூடாரத்தில் நாயின் மூச்சு கேட்க வேண்டும். இரண்டு பேருக்கும் பொருந்தும்படி ஒரு பத்தி எழுதுவது கெட்டிக்கார எழுத்தாளருக்கே கடினமான வேலை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதில் காட்டும் பொறுமையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். முடியாத இடத்தில் எழிலில் பார்த்த அதே நிபந்தனை உதவும், நாய் இருந்தால் இந்த வரி, இல்லை என்றால் அந்த வரி.

இரண்டாவது, யார் ஆடுவது என்பது. எழுதியவருக்குத் தன் கதையில் எல்லா வழியும் தெரியும், அதனால் ஓட்டை தெரியாது. கோப்பை அடுத்த வகுப்புக்கு அனுப்பி, அரக்கோணத்து மாணவர் எழுதியதை ஆம்பூர் மாணவர் ஆட வேண்டும். ஆடுகிறவர் மதிப்பெண் போடக் கூடாது, பாராட்டும் வேண்டாம். எந்த இடத்தில் நின்றுபோனார், எந்த வாக்கியம் இரண்டு விதமாகப் புரிந்தது, எந்த வழி அவர் நினைத்த இடத்துக்குக் கொண்டுபோகவில்லை என்று மட்டும் எழுதி அனுப்பட்டும். பாறைக்குள் நுழைந்தேன், ஆனால் வெளியே வர வழி எழுதவில்லை என்று ஒரு குறிப்பு வந்தால், எழுதிய பிள்ளை அன்றைக்கே உட்கார்ந்து அந்தத் துண்டைத் திருத்தும்.